கையெழுத்துப் போட்டவர் பக்கத்தில் நிற்க வேண்டும்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பெரிய மைத்துனர் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கையைக் கைப்பிடித்த நாள் முதலாக முப்பத்திரண்டு ஆண்டுகள் தங்கள் அறிவுரைப்படியே நடந்துவரும் அடியேன் எழுதிக்கொள்வது. இங்கு நான், இந்த வரியை எழுதும் காலை ஆறே கால் மணி வரைக்கும், நலம். எட்டு மணிக்கு மேற்பட்ட நிலவரத்துக்கு என்னால் உத்தரவாதம் தர இயலாது. அங்கு தங்கள் நலமும், தங்கள் துணைவியார் நலமும், தங்கள் இடது முழங்காலின் நலமும் தனித்தனியே அறிய ஆவல்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். தாங்கள் எந்த அழைப்பையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். விடைத்தாள் திருத்தும் வேலை முடியும் வரை உங்கள் தங்கை உங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். நான் இங்கே சொல்லும் ஒரு வார்த்தை அவள் காதில் விழுந்தாலும் சிவப்புப் பேனாவைக் கீழே போட்டுவிடுவாள். ஆகவே இந்தக் கடிதத்தை, பத்து மணி விமானத்தில் ஊர் திரும்பும் ஒரு நர்ஸ் அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். தயவுசெய்து கதவைச் சாத்திக்கொண்டு, மனதுக்குள் படிக்கவும்.

தாங்கள் எனக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்று. "தீவுக்குப் போங்க, பாப்பாவைக் கையோட கூட்டிட்டு வாங்க, என் ஆபீஸ்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு" என்றீர்கள். வெள்ளிக்கிழமைக்குத் திரும்பும் டிக்கெட்டும் இரண்டு பேருக்குமாகத் தாங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். பாப்பா என்று நாம் கூப்பிடும் என் ஒரே மகளுக்கு இருபத்தேழு வயதாகிறது. இரண்டு வருடமாக அவள் செய்யும் வேலை, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத சுற்றுலாக்காரர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவது. முப்பத்துநான்கு வருடம் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். அழுத்தத்தில் அடைபட்ட காற்றும் நீராவியும் என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அந்த சிலிண்டர் என் மகள் முதுகில் இருக்கிறது. இரண்டு வருடமாக நான் தூங்கிய தூக்கம் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு முழித்திருந்ததுதான்.

கிளம்பும்போது உங்கள் தங்கை என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே, "அவ அப்படியே உங்களை மாதிரிங்க, ஒண்ணும் பயப்படாதீங்க" என்றாள். என்னை மாதிரியாம்! நான் மாடிப்படி இறங்கும்போதே கைப்பிடி ஆடுகிறதா என்று பார்ப்பவன். அவள் சிரித்துக்கொண்டே கடலில் குதிப்பவள். பெற்ற தாய்க்கே பிள்ளையைத் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டு ஏழு மணி நேரம் முன்னதாகவே விமான நிலையம் போய்ச் சேர்ந்தேன்.

விமான நிலையத்தில்தான் முதல் இடி. என் சுத்தியல் உங்களுக்குத் தெரியும். ஒரு சாண் நீளம், வேலையில் சேர்ந்த வருடம் வாங்கியது, பாய்லரைத் தட்டி அது கொடுக்கும் ஓசையை வைத்தே உடம்பு எப்படி என்று சொல்லிவிடுவேன். அதைக் கைப்பையில் வைத்திருந்தேன். சோதனை செய்த காக்கிச் சட்டைப் பெண் அதை வெளியே எடுத்து, "எதுக்கு சார் இது?"ன்னு கேட்டா. உண்மையைச் சொல்லிட்டேன் மச்சான். "உள்ள போனதும் விமானத்தைத் தட்டிப் பாக்கலாம்னு"ன்னேன். அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் என்னை ஒரு கண்ணாடி ரூம்ல உக்கார வச்சு, மூணு பேர் மாத்தி மாத்தி கேள்வி கேட்டாங்க. நான் அவங்ககிட்ட அந்த ரூம் மூலையில தொங்கின தீயணைப்பு சிலிண்டருக்குக் கெடு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சுன்னு சொன்னேன். அதுக்கு அவங்க சந்தோஷப்பட்ட மாதிரி தெரியலை. கடைசியில சுத்தியலைப் பிடுங்கி வச்சுக்கிட்டு, முப்பது நாளுக்குள்ள வந்து வாங்கிக்கலாம்னு ஒரு ரசீதைக் குடுத்து அனுப்பினாங்க. சுத்தியல் இல்லாம நான் நடந்து போனப்ப என் வலது கை என்னுது மாதிரியே இல்லை.

பெரிய விமானத்துல உக்காந்ததும், முன்னாடி நின்ன பொண்ணு சீட்டுக்கு அடியில மிதவைச் சட்டை இருக்குன்னு சொன்னா. சொன்னா ஆச்சா, இருக்கணும்ல? குனிஞ்சு என் சீட்டுக்கு அடியில தடவிப் பாத்தேன், இருந்துச்சு. சரி, பக்கத்து சீட்டுக்காரங்களுக்கும் இருக்கான்னு ஒரு நல்லெண்ணத்துல கையை நீட்டினேன். அந்த அம்மா போட்ட சத்தத்துல விமானமே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் இறங்கற வரைக்கும் அவங்க வீட்டுக்காரர் எனக்கும் அவங்களுக்கும் நடுவுல உக்காந்து என்னையே முறைச்சுகிட்டு வந்தார். அதுகூடப் பரவாயில்ல மச்சான், அங்கேருந்து தீவுக்குப் போற குட்டி விமானம் இருக்கு பாருங்க, அது பன்னெண்டு பேர் போறது. ஏறுறதுக்கு முன்னாடி பெட்டியை எடை போட்டாங்க. அடுத்து என்னையும் தராசுல ஏறச் சொன்னாங்க. எடையைப் பாத்துட்டு பைலட்டே வந்து, "நீங்க கடைசி சீட்டு, இடது பக்கம், அப்பதான் சமமா இருக்கும்"னுட்டார். அப்ப நான் கொஞ்சம் நகந்தாலும் சாஞ்சுடுமா? ஐம்பது நிமிஷம் மச்சான், மூக்கு அரிச்சுது, சொறியலை. கால் மரத்துப் போச்சு, மாத்தி வைக்கலை. எச்சில்கூட ரெண்டு பக்கமும் சமமா முழுங்கினேன். இறங்கினப்ப ரெண்டு பேர் என்னைக் கைத்தாங்கலாப் பிடிச்சு இறக்கி விட்டாங்க.

பாப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கையாட்டினா. கறுத்துப் போயிருக்கா, தலைமுடி உப்புத்தண்ணியில செம்பட்டையாயிடுச்சு. "அப்பா!"ன்னு கூப்பிட்டுச் சிரிச்சா. அந்தச் சிரிப்புதான் மச்சான் எனக்கு பயம். ஏன்னா அதுல பயம்ங்கறது ஒரு துளிகூட இல்லை. என் சர்வீஸ்ல மூணு விபத்து பாத்திருக்கேன். மூணுலயும் போய்ச் சேந்தவங்க சிரிச்சு விளையாடிட்டு இருந்தவங்கதான், மீட்டரை அடிக்கடிப் பாத்துகிட்டு நகத்தைக் கடிச்சவன் ஒருத்தனும் சாகலை. என் பொண்ணு நகம் எல்லாம் முழுசா வளந்திருக்கு. நான் முதல்ல பாத்ததே அதைத்தான்.

கடற்கரையைப் பத்திச் சொல்லணும்னா, படத்துல பாக்கத்தான் நல்லா இருக்கு. வழி நெடுக தென்னை, அதுல ஒண்ணொண்ணுலயும் கொத்துக் கொத்தாக் காய், அத்தனையும் என் தலைக்கு நேரா. நான் பெட்டியைத் தலைமேல வச்சுகிட்டு நடந்தேன், பாப்பா பத்தடி தள்ளி யாரோ மாதிரி நடந்து வந்தா. மணல்ல ஒரு ஆள் குப்புறக் கெடந்தார். அசைவே இல்லை, முதுகு வேற செக்கச் செவேல்னு வெந்து போயிருக்கு. ஐயையோ, கடல் ஒதுக்கிட்டுப் போயிருக்குன்னு ஓடிப் போய்ப் புரட்டிப் போட்டு, நெஞ்சுல ரெண்டு கையையும் வச்சு ஒரு அமுக்கு அமுக்கினேன். அந்த ஆள் எந்திரிச்சு என்னைத் துரத்தின வேகத்தைப் பாத்தா நல்ல ஆரோக்கியமாத்தான் இருந்தார். வெயில் காயறாராம். ஊர்ல வெயிலே இல்லையாம். பாப்பாதான் நடுவுல புகுந்து சமாதானம் பண்ணினா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். டைவிங் கடைங்கறது தகரக் கொட்டகை, ஒரு காத்தடைக்கிற மிஷின், நனைஞ்ச ரப்பர் சட்டைங்க, ஒரு படகு. முதலாளியை எல்லாரும் அவங்க பாஷையில மொட்டைன்னுதான் கூப்பிடறாங்க, அவரும் என்னன்னு கேக்கறார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது, பாப்பாதான் நடுவுல. நான் அவர்கிட்ட நேராப் போய், நீங்கள் செய்வது கொலைபாதகம், என் மகளுடைய உயிர் உங்கள் தகரக் கொட்டகையில் தொங்குகிறது, வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன், தடுத்தால் நடப்பதே வேறுன்னு அரை மணி நேரம் பேசினேன். பாப்பா அதை நாலே வார்த்தையில சொல்லி முடிச்சா. மொட்டை தலையைத் தடவிக்கிட்டு ஏதோ சொன்னார். பாப்பா என்கிட்ட, "சிலிண்டர் பாக்கறதுதானே உங்கப்பா வேலை, பாக்கச் சொல்லுன்னு சொல்றார்பா. இருபத்தேழு இருக்கு. கெட்டதுன்னு நீங்க எழுதிக் குடுக்கறது எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடறாராம். அத்தனையும் கெட்டதுன்னா கடையை மூடிடறாராம். என்னையும் கூட்டிட்டுப் போகலாமாம்"ன்னா.

"நீ என்ன சொல்றே?"ன்னேன்.

"நீங்க எழுதினா எழுதினதுதான்பா. நான் பெட்டியைக் கட்டிடறேன்."

எனக்கு உள்ளுக்குள்ள குதூகலம். இருபத்தேழு சிலிண்டர், உப்புக் காத்து, தகரக் கொட்டகை, ஒண்ணாவது உருப்படியா இருக்கப் போகுதா? ஒன்றரை நாள் உக்காந்தேன் மச்சான். ஒவ்வொண்ணையும் காத்தை இறக்கி, மூடியைக் கழட்டி, கம்பியில சின்ன விளக்கைக் கட்டி உள்ள இறக்கி, கழுத்துல மரையெல்லாம் நகத்தால நெருடி, தோள்ல குத்தியிருக்கற சோதனைத் தேதியைக் கண்ணாடி வச்சுப் படிச்சு, சுத்தியல் இல்லாததால டீ ஸ்பூனால தட்டித் தட்டிக் கேட்டேன். முதல் சிலிண்டர் கணீர்னுச்சு. ரெண்டாவது கணீர். பத்து, பதினொண்ணு, எல்லாம் கோயில் மணி மாதிரி கணீர் கணீர்ங்குது, எனக்கு வயித்தெரிச்சல். கடைசியில மூலையில சாக்குத் துணி போட்டு மூடி ரெண்டு வச்சிருந்தாங்க. என் கண்ணுலேருந்து மறைக்கிறாங்களா! துணியை உருவினேன். ஒண்ணுக்குக் கெடு தாண்டியிருக்கு, இன்னொண்ணுக்குக் கழுத்துக்குக் கீழ மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. ஆனா மச்சான், மிச்சம் இருபத்தஞ்சும் தங்கம். சும்மா சொல்லக்கூடாது, என் சர்வீஸ்ல பெரிய பெரிய ஆலைங்கள்லகூட இவ்வளவு சுத்தமா நான் பாத்ததில்ல.

மத்தியானம் ரெண்டு மணி. கடையில யாருமில்ல. என் கையில பென்சில், முன்னால தாள். இருபத்தேழுன்னு எழுதிட்டா முடிஞ்சுது, பொண்ணு வெள்ளிக்கிழமை என் பக்கத்து சீட்டு. ஒரே ஒரு பொய். யாரு வந்து கேக்கப் போறா? என் ஒரே பிள்ளை மச்சான், இவளுக்காக ஒரு பொய் சொல்லக்கூடாதா நான்? கை பென்சிலைப் பிடிச்சுகிட்டே நிக்குது. எழுதவும் மாட்டேங்குது, கீழ வைக்கவும் மாட்டேங்குது. முப்பத்துநாலு வருஷம் நல்லதைக் கெட்டதுன்னோ கெட்டதை நல்லதுன்னோ எழுதாத கை. நீங்க கோபப்படுவீங்க, திட்டுங்க, வாங்கிக்கறேன். 'இரண்டு நீக்கம், இருபத்தைந்து தகுதி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்டுட்டு அந்தக் கொட்டகையில உக்காந்து அழுதேன்.

மொட்டை வந்து பாத்துட்டு, அந்த ரெண்டு சிலிண்டரையும் அப்பவே இரும்பு அறுக்கற மிஷின்ல குடுத்து ரெண்டாப் பிளந்துட்டார். அதுல நாணயஸ்தன்தான். பாப்பா தாளை வாங்கி என் கையெழுத்தையே பாத்துகிட்டு நின்னா. அப்புறம் மெதுவா, "அப்பா, கையெழுத்துப் போட்டவர் பக்கத்துல நிக்கணும்ல?"ன்னா.

உங்களுக்கு இது புரியாது. இது எங்க ஆபீஸ் வழக்கம். ஒரு பாய்லரைத் தகுதின்னு எழுதினா, அதுல முழு அழுத்தம் ஏத்தற வரைக்கும் எழுதின ஆள் அதுக்குப் பக்கத்துலயே நிக்கணும். மத்தவங்க எல்லாரும் சுவருக்குப் பின்னாடி போயிடுவாங்க. பொய் எழுதினவன் எவனும் பக்கத்துல நிக்க மாட்டான்ல, அதுக்குத்தான். பல பேர் அதை விட்டுட்டாங்க, நான் ஒரு தடவைகூட விட்டதில்ல. பாப்பாவுக்கு ஒன்பது வயசுல, அப்பா வேலையைப் பாக்கணும்னு அடம்பிடிக்கறாளேன்னு கூட்டிட்டுப் போய், கேட்டுக்கு வெளிய வாட்ச்மேன்கூட நிக்க வச்சேன். அதை ஞாபகம் வச்சிருக்கா. இப்ப இவ சொல்றது என்னன்னா, என் கையெழுத்து இருக்கற சிலிண்டரைக் கட்டிகிட்டு அவகூட நானும் கடலுக்குள்ள இறங்கணும். நீச்சல் தெரியாத அறுபத்தோரு வயசுக் கிழவன்! வாயைத் திறந்து மாட்டேன்னு சொல்லத்தான் பாத்தேன், வாயிலேருந்து சரின்னு வந்துடுச்சு.

இந்த ஊர் டாக்டராவது காப்பாத்துவார்னு நம்பினேன். இருபது வருஷத்துக்கு முன்னாடி வந்த சளியைக்கூட விடாம அந்த ஃபாரத்துல எழுதினேன். நெஞ்சுல குழாயை வச்சுப் பாத்துட்டு, காதுக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "ஆழமில்லாத இடத்துல, பொண்ணுகூடவே, தாராளமாப் போகலாம்"னுட்டார். படிச்ச மனுஷன், ஈவு இரக்கமே இல்லை. நேத்து சாயங்காலம் பாப்பா என்னை நெஞ்சளவு தண்ணியில ஒரு மணி நேரம் பழக்கினா. மிதக்கத் தெரியாதவன் இடுப்புல ஈயக்கட்டியைக் கோத்துக் கட்டறாங்க மச்சான், கேட்டா அப்பதான் முங்குமாம்! வாயில ஒரு ரப்பரைக் கடிச்சுகிட்டு மூச்சு விடணும். பயத்துல நான் இழுத்த இழுப்புல ஒரு சிலிண்டர் காத்து கால் மணியில காலி. உள்ள பேச முடியாது, எல்லாம் கைஜாடைதான். நல்லா இருக்குன்னு சொல்ல நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன், உடனே என்னை மேல இழுத்துகிட்டுப் போயிட்டா. கட்டைவிரலைத் தூக்கினா மேல போகணும்னு அர்த்தமாம், நல்லா இருக்குன்னா விரலை வளையமா வைக்கணுமாம். இந்தத் தப்பை அஞ்சு தடவை பண்ணினேன். ஆறாவது தடவை தெரிஞ்சேதான் தூக்கினேன்.

இப்ப மணி ஏழு. எட்டு மணிக்குப் படகு. எனக்குக் கை கால் எல்லாம் வெலவெலங்குது, அதான் எழுத்து இப்படி இருக்கு. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, மாடித் தொட்டி வால்வு இடது பக்கம் திருப்பினாத்தான் மூடும், உங்க தங்கச்சி எப்பவும் வலது பக்கம் திருப்புவா. சமையல் ரூம் கேஸ் டியூபை மாத்தி நாலரை வருஷம் ஆச்சு, அஞ்சு முடியறதுக்குள்ள மாத்திடணும். அவகிட்ட நான் கடைசி வரைக்கும் பயப்படவே இல்லைன்னு சொல்லுங்க, அவ நம்ப மாட்டா, இருந்தாலும் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாம மேல வந்துட்டா, வெள்ளிக்கிழமை விமானத்துல பாப்பாவைத் தூக்கிப் போட்டுகிட்டாவது கொண்டு வந்துடுவேன். இது உறுதி. அந்த நாற்காலியைத் துடைச்சு வையுங்க. இந்தப் பொண்ணு பயம் தெரியாத பொண்ணு, கடல்ல விட்டு வைக்கக்கூடாது. இதை என் கடைசி வார்த்தையாவே வச்சுக்கங்க.

மற்றபடி தங்கள் இல்லத்தில் பெரியவர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கங்களும், சிறியவர்கள் அனைவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த கல்வியும் நல்ல கைப்பிடியுள்ள மாடிப்படிகளும் அமைய என் மனமார்ந்த ஆசிகளும் உரித்தாகுக. தங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் தொடரவும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புக்கும் கண்டிப்புக்கும் என்றும் கட்டுப்பட்ட
தங்கை வீட்டுக்காரர்,
பாய்லர் இன்ஸ்பெக்டர் (ஓய்வு)

பி.கு.: மணி ஒன்பதே கால். உசிரோட இருக்கேன். நர்ஸ் அம்மா வாசல்ல நிக்கறாங்க, அதனால வேகமா எழுதறேன். ஆழம் அஞ்சு மீட்டர், முப்பத்தெட்டு நிமிஷம். மீன் இருந்துச்சான்னு கேக்காதீங்க, நான் பாக்கலை. நான் பாத்தது பாப்பா மூஞ்சியை மட்டும்தான். கண்ணாடிக்குப் பின்னாடி அவ கண்ணு ரெண்டும் முழிச்ச முழி இருக்கே மச்சான்! அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை என் மீட்டரைப் பாக்கறா, பெல்ட்டைத் தொட்டுப் பாக்கறா, வாயில ரப்பர் இருக்கான்னு பாக்கறா, மறுபடி மீட்டர். என் கையைப் பிடிச்சிருந்த அவ கை கிடுகிடுன்னு நடுங்குது. என் கைதான் நடுங்குதுன்னு முதல்ல நெனச்சேன். மேல போயிடலாமான்னு அவதான் கட்டைவிரலைத் தூக்கி மூணு தடவை கேட்டா. மூணு தடவையும் நான் விரலை வளையமா வச்சேன். படகுல ஏறினதும் என்னைக் கட்டிப் பிடிச்சுகிட்டு, "எல்லாரையும் கூட்டிட்டுப் போறப்பவும் இப்படித்தான்பா பயம், கரையில வந்துதான் சிரிப்பேன்"னா. "அன்னைக்கு உங்களை பாய்லர் பக்கத்துல விட்டுட்டு எல்லாரும் ஓடினாங்கள்ல, என்னை உள்ள விடலைன்னு அந்த வாட்ச்மேன் கையைக் கடிச்சு வச்சேன், உங்களுக்குத் தெரியாது"ன்னு வேற சொன்னா. கடைக்கு வந்து அவ நோட்டைப் பாத்தேன். இருபத்தேழு சிலிண்டருக்கும் தேதி, கட்டம் போட்டு, நான் எழுதற மாதிரியே. அந்த ரெண்டு நம்பரையும் மூணு மாசத்துக்கு முன்னாடியே சிவப்புல அடிச்சு மூலையில ஒதுக்கினது அவதானாம். நகத்தைக் கடிக்காதது ரப்பர் கையுறை போட்டிருக்கறதாலயாம், கையுறை நுனியைக் காட்டினா, எல்லாம் கடிச்சுக் குதறியிருக்கு. இவ்வளவு பயப்படற பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க தங்கச்சி சொன்னது சரிதான், அவகிட்ட சொல்லிடுங்க, ஸ்பீக்கர்ல போட்டே சொல்லுங்க. நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை டிக்கெட் ரெண்டும் வேண்டாம். பக்கத்துத் தீவுல இன்னும் மூணு கடை இருக்காம், அங்க சிலிண்டர் எதையும் யாரும் தட்டியே பாத்ததில்லையாம், மொட்டை என்னைக் கூட்டிட்டுப் போறேங்கறார், கேட்டதுலேருந்து எனக்கு இருப்பு கொள்ளலை. சுத்தியல் ரசீதை இதோட வச்சிருக்கேன், முப்பது நாள் கெடு, நீங்களே நேர்ல போய் வாங்குங்க. விடைத்தாள் முடிஞ்சதும் உங்க தங்கச்சி இங்க வருவா, அவகிட்ட குடுத்து அனுப்புங்க. பெரிய பெட்டியில வைக்கச் சொல்லுங்க, கைப்பையில வேண்டாம். எதுக்குன்னு கேட்டா அவளும் உண்மையைச் சொல்லிடுவா.